ஸ்டார் டெஸ்ட் ரிசல்ட் பாத்து பதறுறவங்களுக்கு: டெக்சாஸ் ஸ்கூல்ல எய்டா இருந்து தெரிஞ்சுகிட்டது

ஒவ்வொரு ஜூன் மாசமும் எங்க ஏரியா தமிழ் அம்மாக்கள் வாட்ஸ்அப் குரூப் சூடாயிடும். ஸ்டார்ங்குற டெக்சாஸ் மாநில டெஸ்டோட ரிசல்ட் வந்துருக்கும். "அக்கா, பையனுக்கு மேத்ஸ்ல மீட்ஸ் தான் வந்துருக்கு, மாஸ்டர்ஸ் வரல, கிஃப்டட் ப்ரோக்ராம்லேருந்து தூக்கிடுவாங்களா?" "அப்ரோச்சஸ்னா ஃபெயிலாக்கா?" "இந்த மார்க் காலேஜ் அட்மிஷனுக்குப் போகுமா?" இப்படியே ராத்திரி பதினோரு மணி வரைக்கும் ஓடும். நான் டாலஸ் பக்கத்துல ஒரு பப்ளிக் எலிமெண்டரி ஸ்கூல்ல எய்டா, அதாவது டீச்சருக்கு உதவியாளரா, வேலை பாக்குறதால எல்லாரும் என்னைத்தான் டேக் பண்ணுவாங்க. தனித்தனியா பதில் டைப் பண்ணி பண்ணி அலுத்துப் போச்சு, அதான் ஒரேடியா எழுதிடலாம்னு உக்காந்துட்டேன். கொஞ்சம் நீளமா போகும், பொறுத்துக்கோங்க.

அந்த மூணு கேள்விக்கும் பதிலை முதல்லயே சொல்லிடுறேன். கிஃப்டட்ங்குறது நல்லா படிக்கிற பிள்ளைங்களுக்கான தனி ப்ரோக்ராம், அதுல சேக்குறதுக்கு கோகேட் மாதிரி தனி டெஸ்ட் பாக்குறாங்க, ஸ்டார்ல ஒரு வருஷம் மீட்ஸ் வந்ததுக்காக பெரும்பாலும் யாரும் பிள்ளையை வெளிய அனுப்புறதில்ல. அப்ரோச்சஸ் ஃபெயில் இல்ல, டெக்சாஸ்ல அது பாஸ் தான், அதுக்கு மேல மீட்ஸ், அதுக்கும் மேல மாஸ்டர்ஸ், அதுக்குக் கீழ "டிட் நாட் மீட்"னு ஒண்ணு இருக்கு பாருங்க அது தான் பாஸ் ஆகாதது. காலேஜுக்கு மூணாவது க்ளாஸ் மார்க்கை யாரும் கேக்க மாட்டாங்க.

அப்போ எதுக்குத் தான் இந்த டெஸ்ட்னு கேப்பீங்க. நமக்குப் பரீட்சைன்னாலே மனசுல பத்தாவது பப்ளிக் தான் வந்து நிக்கும், மார்க் வந்துட்டா அது பிள்ளையோட தலையெழுத்து, சொந்தக்காரங்க ஃபோன் வேற. இங்க நடக்குறது வேற. மூணாவதுலேருந்து எட்டாவது வரைக்கும் வருஷா வருஷம் எழுத வைக்கிற இந்த டெஸ்ட் ஸ்கூலுக்கு வைக்கிற பரீட்சை. எழுதுறது பிள்ளை, மார்க் வாங்குறது ஸ்கூல். இது புரிஞ்சுட்டா பாதி பதட்டம் போயிடும், மீதி பாதிக்கு சட்டம் என்ன சொல்லுதுன்னு கொஞ்சம் தெரிஞ்சு வெச்சுக்கணும்.

எனக்கு இந்தச் சட்டத்தோட முதல் அறிமுகமே என் வேலைக்காகத் தான். மதுரைல பி.எஸ்சி முடிச்சுட்டு இங்க எச்4ல, அதாவது வீட்டுக்காரர் வேலை விசாவை ஒட்டின விசால, வந்து வருஷக்கணக்கா வீட்டுல உக்காந்திருந்தேன், 2015ல எச்4 காரங்களுக்கு வேலை பெர்மிட் குடுக்க ஆரம்பிச்சாங்க இல்லையா, அது கைக்கு வந்ததும் வீட்டுக்குப் பக்கத்துல இருந்த ஸ்கூல்ல எய்ட் வேலைக்கு அப்ளை பண்ணேன். எச்ஆர் அம்மா சொன்னாங்க, "மேடம், இது டைட்டில் ஒன் ஸ்கூல், இங்க எய்டா இருக்கணும்னா ரெண்டு வருஷமாவது காலேஜ் படிச்சிருக்கணும், இல்ல ஒரு டெஸ்ட் பாஸ் பண்ணணும், ஃபெடரல் ரூல்." மதுரை டிகிரியை இவாலுவேஷனுக்கு அனுப்பி பேப்பர் வாங்கிக் குடுத்தேன். நாப்கின் மடிக்கிறதுக்கும் பசங்களை லைன்ல கூட்டிட்டுப் போறதுக்குமா பி.எஸ்சி கேக்குறாங்கன்னு வீட்டுக்காரர் கிண்டல் பண்ணார். அந்த ரூல் வந்தது 2002ல, புஷ் கையெழுத்து போட்ட நோ சைல்ட் லெஃப்ட் பிஹைண்ட் சட்டத்துல.

அந்தச் சட்டத்துக்கும் ஒரு தாய்ச் சட்டம் இருக்கு. 1965 ஏப்ரல்ல லிண்டன் ஜான்சன் போட்டது. அவர் டெக்சாஸ்காரர் தான், சின்ன வயசுல படிச்ச கிராமத்துப் பள்ளிக்கூடத்து வாசல்ல, தன்னோட முதல் டீச்சரைப் பக்கத்துல உக்கார வெச்சு கையெழுத்து போட்டார். அதிபர் ஆகுறதுக்கு ரொம்ப முன்னாடி கொட்டுல்லாங்குற ஊர்ல ஏழை மெக்சிகன் பசங்களுக்கு வாத்தியாராவும் இருந்திருக்கார். ஏழைப் பிள்ளைங்க அதிகமா இருக்குற ஸ்கூலுக்கு ஃபெடரல் கவர்மெண்ட் கூடுதல் பணம் தரும், அது தான் டைட்டில் ஒன். பணம் போச்சு, பல வருஷம் போயிட்டே இருந்துச்சு, ஆனா பசங்க படிக்கிறாங்களா இல்லையான்னு கேக்க ஒழுங்கா ஒரு கணக்கு இல்ல. அந்தக் கேள்வி தான் 2002 சட்டம். புஷ் அதுக்கு முன்னாடி டெக்சாஸ் கவர்னரா இருந்தவர், ஹூஸ்டன் ஸ்கூல்களுக்குத் தலைமையா இருந்த ராட் பேஜைத் தான் கல்வி அமைச்சராக் கூட்டிட்டுப் போனார், அதனால டெக்சாஸ் டெஸ்ட் முறை தான் நாடு பூரா போச்சுன்னு சொல்லலாம். டெமாக்ரட் டெட் கென்னடியும் ரிபப்ளிகன் ஜான் பெய்னரும் ஒண்ணா சேந்து ஓட்டு வாங்கின சட்டம்னா இப்போ யாராவது நம்புவாங்களா!

2002 சட்டம் சொன்னது இது தான். மூணாவதுலேருந்து எட்டாவது வரை வருஷா வருஷம் ரீடிங், மேத்ஸ் ரெண்டும், ஹைஸ்கூல்ல ஒரு தடவை, அப்புறம் சயின்ஸ் மூணு தடவை. மொத்தம் கூட்டினா 17 டெஸ்ட். 2014க்குள்ள எல்லாப் பிள்ளையும், அதாவது நூத்துக்கு நூறு பேரும், தேறியிருக்கணும். தொடர்ந்து இலக்கைத் தொடாத ஸ்கூலுக்கு படிப்படியா தண்டனை, முதல்ல பெத்தவங்க விருப்பப்பட்டா வேற ஸ்கூலுக்கு மாத்திக்கலாம், அப்புறம் ஃப்ரீ ட்யூஷன், கடைசில ஸ்கூலையே கலைச்சு வேற ஆளுங்களை வெச்சு நடத்துற வரைக்கும். நூறு பர்சென்ட்ங்குறது எந்த ஊர்ல நடக்கும்? 2011 வரும்போது நாட்டுல பாதிக்குப் பக்கத்துல ஸ்கூலுங்க அந்த வருஷ இலக்கைத் தொடல, ஒபாமா கவர்மெண்ட் மாநிலங்களுக்கு விலக்கு குடுக்க ஆரம்பிச்சுது. 2015 டிசம்பர் 10ம் தேதி எஸ்ஸா வந்துச்சு, எவ்ரி ஸ்டூடண்ட் சக்சீட்ஸ் ஆக்ட். டெஸ்ட் எல்லாம் அப்படியே இருக்கு, அதே 17. ஆனா ஸ்கூலுக்கு எப்படி மார்க் போடணும், சரியில்லாத ஸ்கூலை என்ன பண்ணணும்ங்குற முடிவு மாநிலத்து கைக்குப் போயிடுச்சு. டெக்சாஸ் அதுல தன் பங்குக்கு மூணு சேத்துக்கிச்சு, எட்டாவதுல சோஷியல் ஸ்டடீஸ், ஹைஸ்கூல்ல யூஎஸ் ஹிஸ்டரியும் இன்னொரு இங்கிலீஷும், ஆக இப்போதைக்கு 20.

இதுல எங்கயுமே பிள்ளையை ஃபெயில் பண்ணுன்னு ஃபெடரல் சட்டம் சொல்லல. டெக்சாஸ்ல அஞ்சாவதும் எட்டாவதும் பாஸ் பண்ணா தான் மேல் க்ளாஸ்னு மாநிலமா ஒரு ரூல் வெச்சிருந்தாங்க, 2021ல அதையும் எடுத்துட்டாங்க. இப்போ பாஸ் ஆகலைன்னா அடுத்த வருஷம் ஸ்கூல் கட்டாயம் எக்ஸ்ட்ரா கோச்சிங் குடுக்கணும், சின்ன குரூப்பா உக்கார வெச்சு. லெட்டர் வந்தா அவமானம்னு நினைக்காதீங்க, காசு குடுத்து குமான் அனுப்புறவங்க தானே நாம, இது ஸ்கூலே குடுக்குது.

இனி உள்ள நடக்குறதை சொல்றேன், இது வெளிய இருக்குற அம்மா அப்பாக்களுக்கு அவ்வளவா தெரியாது. டிசம்பர் லீவு முடிஞ்சு வந்ததும் பெஞ்ச்மார்க் டெஸ்ட்னு ஒரு மாதிரிப் பரீட்சை வைப்பாங்க. அதுக்கப்புறம் டீச்சர்ஸ் மீட்டிங்ல ஒரு லிஸ்ட் வரும், பச்சை, மஞ்சள், சிவப்பு. பச்சை தானா பாஸ் ஆயிடும். சிவப்பு இந்த வருஷம் தேறாது. மஞ்சள் தான் கோட்டுக்குப் பக்கத்துல நிக்கிற பசங்க, கொஞ்சம் தள்ளினா இந்தப் பக்கம் வந்துடும். இவங்களை பபிள் கிட்ஸ்னு சொல்வாங்க. எனக்கு டைம்டேபிள் போட்டுக் குடுத்தாங்க, தினமும் முக்கா மணி நேரம் நாலு நாலு பேரா கூட்டிட்டுப் போய் உக்கார வைக்கணும், எல்லாம் மஞ்சள். சிவப்புல ஒரு பொண்ணு இருந்தா, நாலாவது, பெருக்கல் இன்னும் விரல் விட்டுத் தான் எண்ணுவா. நான் மஞ்சள் பசங்களைக் கூப்பிட வாசல்ல வந்து நிக்கிறப்போ எல்லாம் நிமிந்து பாப்பா, தன் பேரு வருமான்னு. வராது. நான் கோஆர்டினேட்டர் கிட்ட கேட்டேன், இவளுக்குத் தானே ரொம்பத் தேவைன்னு. "ஐ நோ, ஆனா நமக்கு இருக்குற ஆளு இவ்ளோ தான்"னு சொன்னாங்க. அவங்களும் கெட்டவங்க இல்ல. கோடு ஒண்ணைப் போட்டு அதைத் தாண்டின தலையை எண்ணுன்னு சொன்னா கோட்டுப் பக்கத்துல இருக்குறவனைத் தான் எல்லாரும் பிடிச்சுத் தள்ளுவாங்க. 2002 சட்டத்துல ஒரே ஒரு கோடு, அதனால இது ரொம்ப மோசமா இருந்துச்சுன்னு பழைய டீச்சர்ஸ் சொல்வாங்க. இப்போ அப்ரோச்சஸ், மீட்ஸ், மாஸ்டர்ஸ்னு மூணு கோடு இருக்கு, போன வருஷத்தை விட பிள்ளை எவ்ளோ முன்னேறியிருக்குன்னும் கணக்கு இருக்கு, அதனால கொஞ்சம் பரவால்ல, ஆனா பழக்கம் விடுமா.

இன்னொண்ணும் கண்ணால பாத்தேன். மூணாவதுக்கும் நாலாவதுக்கும் சயின்ஸ் டெஸ்ட் கிடையாது, அஞ்சாவதுல தான். ஜனவரிக்கு மேல அந்த ரெண்டு க்ளாஸ்லயும் சயின்ஸ் பீரியட் மெல்ல மெல்ல ரீடிங் பீரியடா மாறிடும். எந்த ஸ்கூல்னு கேக்காதீங்க, எல்லா ஸ்கூல்லயும் இப்படியான்னும் சொல்ல மாட்டேன். உங்க பிள்ளை மார்ச் மாசம் சயின்ஸ் நோட்டே வீட்டுக்குக் கொண்டு வரலைன்னா டீச்சர்ட்ட நேரா கேளுங்க, "சயின்ஸ்ல இப்போ என்ன யூனிட் போகுது மிஸ்"னு. ஒரு அம்மா கேட்டாலே மாறும், நான் பாத்திருக்கேன்.

டெஸ்ட் நாள் ஏப்ரல்ல. முதல் நாளே செவுத்துல இருக்குற சார்ட் எல்லாத்தையும் ப்ரவுன் பேப்பர் போட்டு மூடணும், பெருக்கல் வாய்ப்பாடு, அகராதி வார்த்தை, ஏன் ஏபிசிடி கூட. உள்ள இருக்கப் போற பெரியவங்க எல்லாரும் ட்ரெய்னிங் முடிச்சு, ரகசியம் காப்பேன்னு உறுதிமொழில கையெழுத்து போடணும். யாரு எங்க உக்காந்தாங்கன்னு சீட்டிங் சார்ட் வரையணும். அட்லாண்டால டீச்சர்ஸே விடையை அழிச்சு மாத்தினதை 2011ல கண்டுபிடிச்சாங்க, 178 பேரு பேரு அந்த ரிப்போர்ட்ல, 2015ல 11 பேருக்கு கோர்ட்ல குற்றம் நிரூபணம் ஆச்சு, அதுக்கப்புறம் இந்த கெடுபிடி எல்லா ஊர்லயும் கூடிடுச்சு. நான் சூப்பர்வைஸ் பண்ண ரூம்ல மியான்மர்லேருந்து வந்த குடும்பத்துப் பையன் ஒருத்தன், வந்து ஒரு வருஷம் கூட ஆகல. கை தூக்கினான். கிட்ட போனேன். ஸ்க்ரீன்ல ஒரு வார்த்தையைக் காட்டி அர்த்தம் என்னன்னு மெதுவா கேட்டான். எனக்கு எழுதிக் குடுத்துருக்குற பதில் ஒண்ணே ஒண்ணு தான், "அதுக்கு என்னால பதில் சொல்ல முடியாது, உன்னால முடிஞ்ச வரைக்கும் செய்." மறுபடி ஒரு தடவை கை தூக்கினான், அதே பதில். அப்புறம் அவன் தூக்கவே இல்ல, சாயங்காலம் வரைக்கும் மவுஸைப் பிடிச்சுட்டு உக்காந்திருந்தான். ஸ்பானிஷ்ல பேப்பர் உண்டு, மூணாவதுலேருந்து அஞ்சாவது வரைக்கும். அவனோட மொழில கிடையாது, தமிழ்லயும் கிடையாது. புதுசா வந்த பிள்ளைக்கு முதல் வருஷ மார்க்கை ஸ்கூல் கணக்குல எடுக்காம விடலாம்னு சட்டத்துல ஏற்பாடு இருக்கு, ஆனா அது ஸ்கூலுக்குத் தான் நிம்மதி, அந்தப் பையன் உக்காந்தது உக்காந்தது தானே.

இவ்ளோ சொல்லிட்டு டெஸ்டே வேண்டாம்னு சொல்வேன்னு பாக்குறீங்க, இல்ல. இந்தச் சட்டத்துல ஒரு விஷயம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். மார்க்கை மொத்தமா ஒரு சராசரியா காட்ட முடியாது. கறுப்பினப் பிள்ளைங்க, ஹிஸ்பானிக், ஏசியன், வருமானம் கம்மியான வீட்டுப் பிள்ளைங்க, இங்கிலீஷ் கத்துக்கிட்டு இருக்குறவங்க, ஸ்பெஷல் எட் பிள்ளைங்கன்னு தனித்தனியா பிரிச்சு வெளிய போடணும், 95 பர்சென்ட் பிள்ளைங்களையாவது எழுத வைக்கணும். முன்னாடி என்ன நடந்திருக்குன்னா, வசதியான ஏரியா ஸ்கூல்ல நல்லா படிக்கிற பசங்க மார்க்குக்குப் பின்னாடி பத்து முப்பது பிள்ளைங்க ஒளிஞ்சு போயிடும், டெஸ்ட் அன்னைக்கு அந்தப் பிள்ளைங்களை லீவு போட்டுக்கச் சொன்னா முடிஞ்சுது. இப்போ அந்தப் பிள்ளைங்க மார்க் ரிப்போர்ட்ல தனி வரிசையா நிக்குது. எல் பாசோவுல ஸ்கூல் சூப்பரிண்டெண்டெண்ட் ஒருத்தர் படிப்புல பின்தங்கின பசங்களை டெஸ்ட் வைக்கிற பத்தாம் க்ளாஸ்லயே வராதபடி முன்னயும் பின்னயும் தள்ளி விட்டு 2012ல ஜெயிலுக்கே போனார், அவ்ளோ பயம் அந்த வரிசையைப் பாத்து.

வீடு வாங்கப் போறவங்க இந்த இடத்தை நல்லா படிங்க. நம்ம ஆளுங்க ஃப்ரிஸ்கோ, ப்ளேனோ, இர்விங்னு வீடு பாக்குறப்போ ஸில்லோல ஸ்கூல் பக்கத்துல 9, 10னு ஒரு நம்பர் இருக்கான்னு பாத்துட்டு தான் வீட்டுக்குள்ளயே போவாங்க. அந்த நம்பர் க்ரேட்ஸ்கூல்ஸ்லேருந்து வருது, அதுல பெரிய பங்கு இதே மாநில டெஸ்ட் மார்க் தான். எல்லா அப்பா அம்மாவும் இன்ஜினியரா இருக்குற ஏரியால மார்க் கூட தான் வரும், அதுல ஸ்கூல் சொல்லிக் குடுத்தது எவ்ளோ, வீட்டுல சொல்லிக் குடுத்தது எவ்ளோன்னு அந்த நம்பருக்குத் தெரியாது. நான் ஃப்ரெண்ட்ஸ் கிட்ட சொல்றது இது தான், டெக்சாஸ் கல்வித் துறையோட டிஎக்ஸ்ஸ்கூல்ஸ் சைட்டுக்குப் போங்க, ஸ்கூல் பேரைப் போடுங்க, ஏ பி சின்னு க்ரேடு வரும், அதோட நிக்காதீங்க. உள்ள மூணு பகுதி இருக்கும், மார்க் எவ்ளோ, முன்னேற்றம் எவ்ளோ, குரூப்புகளுக்கு நடுவுல இடைவெளி எவ்ளோ. முதல் ரெண்டுல எது நல்லா இருக்கோ அது 70 பர்சென்ட், மூணாவது 30. முன்னேற்றம்ங்குற பகுதியைத் தனியா பாருங்க. அப்புறம் வருமானம் கம்மியான வீட்டுப் பிள்ளைங்க வரிசையைப் பாருங்க, உங்களுக்கு அது பொருந்தாட்டியும் பாருங்க, ஏன்னா வீட்டுல ட்யூஷன் இல்லாத பிள்ளைங்க அங்க எப்படிப் படிக்கிறாங்கன்னு தெரிஞ்சா டீச்சருங்க எப்படின்னு தெரிஞ்சுடும். எங்க வீட்டுக்குப் பக்கத்து ஸ்கூல் 6 தான், முன்னேற்றத்துல நல்லா இருந்துச்சு, என் பொண்ணு அங்க தான் படிச்சா, ஒரு குறையும் இல்ல. அதே காசுக்கு இன்னொரு பெட்ரூம் கிடைச்சுது, அதையும் சொல்லணும்ல. பழைய வருஷ க்ரேடைப் பாத்து ஏமாறாதீங்க, ஸ்கூல் டிஸ்ட்ரிக்டுங்க கேஸ் போட்டதால 2023 க்ரேடே 2025ல தான் வெளிய வந்துச்சு, எந்த வருஷத்துதுன்னு பாத்துக்கோங்க.

அடுத்தது ஹோம் லேங்குவேஜ் சர்வே. இதுல தான் நம்ம குடும்பங்க அதிகமா குழம்புறாங்க. ஸ்கூல்ல சேக்குறப்போ ஒரு ஃபார்ம் வரும், வீட்டுல பெரும்பாலும் என்ன மொழி, பிள்ளை பெரும்பாலும் என்ன மொழி பேசும்னு. தமிழ்னு எழுதினா பிள்ளைக்கு இங்கிலீஷ் டெஸ்ட் வைப்பாங்க. இங்கயே பொறந்த பிள்ளையா இருந்தாலும் வைப்பாங்க. என் பொண்ணு கிண்டர்ல சேரும்போது தமிழ்னு தான் போட்டேன், அது தானே உண்மை. தெரியாத ஆளு எதிர்ல உக்காந்து கேட்டா வாயே திறக்க மாட்டா அவ, வீட்டுல தான் வாய். இங்கிலீஷ் பத்தலைன்னு முடிவாகி லெட்டர் வந்துச்சு. அப்படி லெட்டர் அனுப்பணும்ங்கறதும் ஃபெடரல் சட்டம், வருஷ ஆரம்பத்துல முப்பது நாளுக்குள்ள. என் ஃப்ரெண்ட் ஒருத்தி பதறிட்டா, "ஐயோ அக்கா முத்திரை குத்திட்டாங்களே, நீங்க இங்கிலீஷ்னு போட்டிருக்கக் கூடாதா"ன்னு.

முத்திரை எல்லாம் ஒண்ணும் இல்ல. இஎஸ்எல், அதாவது இங்கிலீஷை ரெண்டாவது மொழியா சொல்லிக் குடுக்குற, சர்டிஃபிகேட் இருக்குற டீச்சர் க்ளாஸ்ல போட்டாங்க, அவ்ளோ தான், அந்த டீச்சர் ரொம்ப நல்லா சொல்லிக் குடுத்தாங்க. ஆனா ஒண்ணு, வருஷா வருஷம் டெல்பாஸ்னு இன்னொரு டெஸ்ட் சேந்துக்கும். கேக்குறது, பேசுறது, படிக்கிறது, எழுதுறது நாலும். ரெண்டாவதுலேருந்து ஹெட்செட் மாட்டிக்கிட்டு கம்ப்யூட்டர் கிட்ட பேசணும், படத்தைக் காட்டி இதைப் பத்தி சொல்லுன்னு கேக்கும், ஒரு வரில "இது நாய்"னு சொல்லிட்டு நிறுத்திட்டா மார்க் ஏறாது. வீட்டுல ஃபோன்ல ரெக்கார்டர் போட்டு, ஒரு படத்தைப் பத்தி ஒரு நிமிஷம் நிறுத்தாம பேசுன்னு வெளையாட்டா பழக்கினோம், அது தான் அவளுக்கு உதவுச்சு. டெல்பாஸ்ல அட்வான்ஸ்ட் ஹை, ஸ்டார் ரீடிங்ல பாஸ், டீச்சர் கருத்து, மூணும் சேந்தா வெளிய வந்துடலாம், அவ மூணாவது முடிச்சதும் வந்துட்டா. இஎஸ்எல் வேண்டாம்னு எழுதிக் குடுக்க உங்களுக்கு உரிமை உண்டு, ஆனா எழுதிக் குடுத்தாலும் டெல்பாஸ் விடாது, வருஷா வருஷம் எழுதியே ஆகணும். அதனால வேண்டாம்னு சொல்றதுக்கு முன்னாடி யோசிங்க, உதவி இல்லாம டெஸ்ட் மட்டும் மிஞ்சும். ஃபார்ம்ல பிள்ளை நிஜமாவே பெரும்பாலும் இங்கிலீஷ் தான் பேசும்னா அந்தக் கேள்விக்கு இங்கிலீஷ்னு எழுதலாம், பொய் இல்ல. தப்பா எழுதிட்டீங்கன்னா ரெண்டு வாரத்துக்குள்ள, பிள்ளைக்கு டெஸ்ட் வைக்கிறதுக்கு முன்னாடி திருத்திக் கேக்கணும், அதுக்கப்புறம் முடியாது.

டெஸ்டுக்கே அனுப்பாம இருக்கலாமான்னு சிலர் கேக்குறாங்க. நியூயார்க்ல 2015ல அஞ்சுல ஒரு பிள்ளை எழுதல, லாங் ஐலண்ட் பக்கம் பெத்தவங்க கூட்டமா சேந்து மறுத்துட்டாங்க. எஸ்ஸா இதை மாநிலத்துக்கு விட்டுடுச்சு. டெக்சாஸ் சட்டத்துல டெஸ்டைத் தவிர்க்குறதுக்காக பிள்ளையை நிறுத்த பெத்தவங்களுக்கு உரிமை இல்லைன்னே எழுதி இருக்கு. எலிமெண்டரில சண்டை போட்டு நிறுத்துறதுல பெரிசா ஒண்ணும் கிடைக்காதுங்குறது என் எண்ணம், போய் எழுதிட்டு வரட்டும்.

வீட்டுல என்ன தயார் பண்ணணும்னு கேட்டா, ஒர்க்புக் வாங்கிக் குவிக்காதீங்க. டைப்பிங் சொல்லிக் குடுங்க. 2023லேருந்து டெஸ்ட் முழுக்க ஆன்லைன், மூணாவதுலேருந்தே ரீடிங் டெஸ்ட்ல ஒரு கட்டுரை டைப் அடிக்கணும், ஒத்த விரல்ல தேடித் தேடி அடிக்கிற பிள்ளைங்க நல்லா யோசிச்சு வெச்சதைக் கூட ரெண்டு வரில முடிச்சுட்டு எழுந்துடுறாங்க, நான் பின்னாடி நின்னு பாத்துட்டு ஒண்ணும் சொல்ல முடியாம தவிச்சிருக்கேன். அந்தக் கட்டுரையை இப்போ பெரும்பாலும் கம்ப்யூட்டர் தான் திருத்துது, கொஞ்சத்தை மட்டும் மனுஷங்க மறுபடி பாக்குறாங்க. மார்க் ரொம்ப சந்தேகமா இருந்தா டிஸ்ட்ரிக்ட் மூலமா மறு திருத்தம் கேக்கலாம், ஃபீஸ் உண்டு, மார்க் மாறினா ஃபீஸ் இல்ல. ரிப்போர்ட்ல மீட்ஸ் மாஸ்டர்ஸை விட லெக்சைல்னு ஒரு நம்பர் இருக்கும் பாருங்க, அதை எடுத்துட்டுப் போய் லைப்ரரில அந்த லெவல் புக் எடுக்கலாம், எனக்கு அந்த ரிப்போர்ட்ல நிஜமா பயன்பட்டது அது ஒண்ணு தான்.

ஹைஸ்கூல்னா கதை மாறும், அங்க டெஸ்ட் பிள்ளைக்கும் தான். அல்ஜிப்ரா ஒன், இங்கிலீஷ் ஒன், இங்கிலீஷ் டூ, பயாலஜி, யூஎஸ் ஹிஸ்டரி, இந்த அஞ்சும் இப்போதைக்கு பாஸ் பண்ணா தான் டிப்ளமோ. வருஷத்துக்கு மூணு தடவை எழுத வாய்ப்பு இருக்கு, ரெண்டு பாடம் வரைக்கும் பாஸ் ஆகலைன்னாலும் ஒரு கமிட்டி கூடி முடிவு பண்ற வழி இருக்கு. நம்ம பசங்க பாதிப் பேரு மிடில் ஸ்கூல்லயே அல்ஜிப்ரா ஒன் எடுத்துடுறாங்க இல்லையா, அப்போ அந்த டெஸ்டையும் அப்பவே எழுதிடுவாங்க. ஆனா ஃபெடரல் சட்டத்துக்கு ஹைஸ்கூல்ல மேத்ஸ் ஒரு தடவை அளந்தே ஆகணும், அதனால இந்தப் பிள்ளைங்க ஹைஸ்கூல்ல காலேஜ் அட்மிஷனுக்கு எழுதுற எஸ்ஏடி இல்லைன்னா ஏசிடி எழுதணும். எப்படியும் எழுதத் தானே போறாங்கன்னு தோணும், ஆனா ஸ்கூலே நடத்துற நாள்ல எழுதினா பல இடத்துல ஃபீஸ் இல்ல, கவுன்சலரைக் கேட்டு வைங்க.

இதெல்லாம் எவ்ளோ நாளைக்குன்னு கேட்டா, 2025 மார்ச்ல ட்ரம்ப் ஃபெடரல் கல்வித் துறையை மூடுற வேலையை ஆரம்பிக்கச் சொல்லி ஆர்டர் போட்டார், ஆளுங்களையும் பாதிக்குப் பாதி குறைச்சாங்க, உடனே குரூப்ல "டெஸ்ட் கேன்சல்"னு ஒரு ஃபார்வேர்ட் வந்துச்சு. துறை இருந்தாலும் இல்லாட்டியும் எஸ்ஸா சட்டம் அப்படியே தான் இருக்கு, காங்கிரஸ் மாத்தினா தான் மாறும். டெக்சாஸ் மட்டும் 2027-28லேருந்து ஸ்டாரை எடுத்துட்டு வருஷத்துக்கு மூணு சின்ன டெஸ்டா வைக்கப் போகுது. அதுல எந்த கலர்ல லிஸ்ட் வரும்னு எங்க ஸ்டாஃப் ரூம்ல இப்பவே பேச்சு.

கடைசியா, ஊர்லேருந்து நேரா ஹைஸ்கூல் பிள்ளையோட வர்றவங்களுக்கு ஒண்ணு. போன வருஷம் வீட்டுக்காரர் ஆஃபீஸ்ல ஒருத்தர் கோயம்புத்தூர்லேருந்து எல்1ல, அதாவது கம்பெனி மாத்தி அனுப்புற விசால, வந்தார், பையன் சிபிஎஸ்இ பத்தாவது முடிச்சவன். ஸ்கூல்ல சேக்குறப்போ மார்க் ஷீட் பாக்க ஆள் இல்லாம ஒன்பதாவதுல போட்டுடலாமான்னு பேசியிருக்காங்க. "அண்ணா, ஒத்துக்காதீங்க, ஒன்பதாவது பத்தாவது மார்க் ஷீட் ரெண்டையும் சிலபஸோட குடுத்து க்ரெடிட் கேளுங்க"ன்னு சொன்னேன். டெக்சாஸ் பப்ளிக் ஸ்கூல்ல சேர்றதுக்கு முன்னாடியே வெளிய முடிச்ச பாடத்துக்கு க்ரெடிட் குடுத்துட்டாங்கன்னா அந்தப் பாடத்துக்கான டெஸ்டை எழுத வேண்டியதில்ல. ரெண்டு மூணு வாரம் இழுத்துச்சு, அல்ஜிப்ரா, பயாலஜி, இங்கிலீஷ் ஒன் க்ரெடிட் கிடைச்சுது, அந்த டெஸ்டெல்லாம் கழிஞ்சுது. யூஎஸ் ஹிஸ்டரில மட்டும் தப்பிக்க வழியே இல்ல, சிபிஎஸ்இ ல அது எங்க இருக்கு. இப்போ அந்தப் பையன் முதல் உலகப் போரும் கிரேட் டிப்ரெஷனும் படிச்சுட்டு இருக்கான், ஏப்ரல்ல டெஸ்ட்.